அவள் தலையில் நான் படித்தது

ஓ.எல். பரீட்சையில் எனக்குக் கணக்கு போய்விட்டது. இரண்டாம் தடவையும் போனதும் அம்மா என்னை ஹட்டனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பழகச் சேர்த்துவிட்டார். நான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்க மட்டும் போகக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி அங்கே ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் நூல் பிடித்துப் புருவம் எடுத்தால், வந்தவர்கள் கண்ணை மூடித் தூங்கிவிடுவார்கள். நான் எடுத்தால் இரத்தம் வரும். வருஷ முடிவில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று பார்லரை நடத்திய மேடம் சொல்லியிருந்தார். அது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

முடியை நேராக்கும் மருந்தைப் பூச, மேடம் எங்கள் தலைகளிலேயேதான் பழக்குவார். அன்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்புவரை தொங்கும் முடி. நான் பூசி முடித்துக் கொஞ்ச நேரத்தில், "அக்கா, எரியுதுக்கா" என்றாள்.

மேடத்தைப் பார்த்தேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எரியத்தான் செய்யும். சும்மா இருக்கச் சொல்லு."

மருந்துக்கான நேரம் கடந்துவிட்டது. காதோரத்தில் தோல் சிவந்து வந்தது. உடனே கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேடத்துக்குப் பயந்துதான் கழுவவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. ஆனால் அவள் அழத் தொடங்கியபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தவளைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தேன்.

கழுவியபோது வலது பக்கத்து முடி கொத்தாக என் கையோடு வந்தது. அடியில் தோல் கொப்பளித்திருந்தது. மேடம் எழுந்து வந்து பார்த்தார். "பாத்துக்கிட்டியா? கூட நேரம் விட்டா இதான் ஆகும். புஸ்தகத்துல படிச்சா மறந்துரும், இது மறக்காது," என்றார் என்னிடம்.

மறுநாள் அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அப்பாவோடு வந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஒங்க மக என்னைக் கேக்காம மருந்த எடுத்துத் தானே பூசிக்கிட்டா. வேணும்னா இவகிட்ட கேளுங்க," என்றார் மேடம்.

அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"இல்லப்பா, அக்காதான்..." என்று அவள் ஆரம்பித்தாள். முடிக்கவிடாமல் அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். "மன்னிச்சுக்கங்க மேடம், புத்தியில்லாத புள்ள" என்று கும்பிட்டுவிட்டு இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதமே மேடம் என்னை நிரந்தரமாக்கினார். இப்போது தலவாக்கலையில் எனக்குச் சொந்தமாக ஒரு பார்லர் இருக்கிறது.

போன வருஷம் நுவரெலியா பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் ஒரு பெண் குழந்தை. கொழுந்து எடுக்கப் போவதாகச் சொன்னாள். வலது காதுக்கு மேலே முடி முளைக்கவே இல்லை. குழந்தை என்னைக் காட்டி, "யாரும்மா?" என்றது.

"நானும் இந்த அக்காவும் ஒண்ணா வேலை பழகுனோம்," என்றாள்.

வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் இடம் வருவதற்கு முன்பே மணியடித்து இறங்கி, மழையில் நடந்தேன்.