பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு கால்கள்

சனங்கள் வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்கு வருவதற்காக மற்ற ஆறு நாளும் அவர்கள் வீடு வீடாக அலைகிறவருக்கு உபதேசியார் என்று பெயர். உங்களில் அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் செருப்பே சொல்லும்.

விஸ்வநத்தத்துக்கு அப்பால், ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயிலில் நான் உபதேசியாராக இருந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் சனத்தில் பாதிப் பேர் மத்தாப்புக் கம்பெனியில், பாதிப் பேர் தீப்பெட்டிக் கம்பெனியில். சேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் வந்துவிட்டால், ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது உபதேசியாருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அப்படி நான் மனப்பாடம் செய்த ஒரு சண்டையின் கதை இது.

சேவல் கறி

அருளப்பனும் சூசையும் ஒரே மத்தாப்புக் கம்பெனியில் வேலை. அருளப்பனின் மனைவி ஞானம், சூசையின் கூடப்பிறந்த அக்காள். சில வருஷங்களுக்கு முன் சூசை ஆசையாக வளர்த்த சேவலை அடித்துக் குழம்பு வைத்து, அக்காளையும் மச்சானையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். அன்று கறி தொடக்கூடாத தபசு காலத்து வெள்ளிக்கிழமை என்பது அவன் நினைவில் இல்லை. கறி இலையில் விழுந்ததும் அருளப்பன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. இப்போது அருளப்பனின் மகள் பிலோமினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பாஸ்கு முடிந்த வாரத்தில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். தாய்மாமன் சூசை வந்து நிற்காத கல்யாணம் என்ன கல்யாணம் என்று ஞானம் என்னிடம் வந்து அழுதாள். நான் சூசையைப் பார்க்கப் போனேன். "இலையை விட்டு எந்திரிச்சது கூடப் பெருசில்ல உபதேசியாரே. வெள்ளிக்கிழமைன்னு வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நானும் சேந்து எந்திரிச்சிருப்பேன்லா?" என்றான்.

அவன் பாவம்

அருளப்பனை வழிக்குக் கொண்டுவருவது சுலபம் என்று நினைத்தேன். பக்தியான மனிதர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்க வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். பங்குச் சாமியார் வந்த சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் பாவசங்கீர்த்தனக் கூண்டின் பலகைச் சன்னல் முன்னால் முழங்காலில் நின்றார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். மச்சினனோடு சமாதானமாகிவிட்டு வரச் சொன்னாராம் சாமியார். அவ்வளவு சீக்கிரமாகவா சொல்லிவிட்டார் என்று கேட்டேன். அருளப்பன் ஆற்றாமையோடு சொன்னார்: "என் பாவத்தையெல்லாம் பொறுமையாத்தான் கேட்டாக. சூசை பாவத்தைச் சொல்ல ஆரம்பிச்சதும் பலகையைச் சாத்திட்டாக."

விட்டதும் விடாததும்

தபசு காலத்தில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று பிரசங்கம் நடந்தது. மறுநாள் வழியில் சூசையைப் பார்த்து, நீ எதை விட்டாய் என்றேன். பீடியை விட்டானாம். மத்தாப்புக் கம்பெனிக்குள் எப்படியும் பீடி பற்ற வைக்க முடியாதே என்றேன். "அங்கன கம்பெனிக்காக விட்டேன். வீட்டுல சேசுவுக்காக விட்டேன்" என்றான். குரு மடத்தில் படித்தவர்களுக்கும் இந்தப் பதில் தோன்றாது.

சரி, பீடியோடு சேர்த்து மச்சான் மேலுள்ள கோபத்தையும் விட்டுவிடேன் என்று மெதுவாக ஆரம்பித்தேன். சூசை சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "பீடின்னா நான் ஒருத்தனே கீழ போட்டுருவேன் உபதேசியாரே. இதுக்கு ரெண்டு பேரு வேணும்ல."

ஒத்திகை

பாஸ்குக்கு முந்திய பெரிய வியாழன் பூசையில், சேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாகச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவும் சடங்கைச் சின்னக் கோயில்களிலும் செய்யலாம் என்று அந்த வருஷம்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. பன்னிரண்டு பேரைப் பிடிப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. சாமியார் என் காலைத் தொடுவதா, அந்தப் பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஆளாளுக்கு ஓடினார்கள். இதில் இன்னொரு சங்கடம் வேறு. மத்தாப்புக்குச் சேர்க்கிற அலுமினியப் பொடி காலில் ஏறினால் தண்ணீருக்கு மசியாது. எங்கள் ஆண்களின் பாதமெல்லாம் வெள்ளிச் சுரூபத்தின் பாதம் மாதிரி பளபளக்கும். எண்ணெய் விட்டு, செங்கல் பொடியால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அருளப்பனும் சூசையும் தனித்தனியாகச் சம்மதித்திருந்தார்கள். ஒத்திகைக்கு அருளப்பன் முதலில் வந்தார். "சாமியார் ஒரு காலைத்தான் கழுவுவார்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது சூசை உள்ளே வந்தான். அருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். "அதுவும் வலது கால்" என்று நான் முடித்தபோது கேட்டவர்கள் மற்றப் பதினோரு பேர்தான். அவர்களில் மூத்தவரான மிக்கேல் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அம்புட்டுப் பேரும் வீட்டுலயே தேய்ச்சுக் கழுவிட்டு வந்துட்டா, சாமியாருக்கு என்னய்யா வேலை?"

கடைசி இரண்டு நாற்காலி

பெரிய வியாழன் சாயங்காலம் பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அருளப்பன் வாசலின் ஒரு பக்கமும் சூசை மறுபக்கமும் நின்றார்கள். அவன் உட்காரட்டும், நாம் தள்ளி உட்காரலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. கடைசியில் மிஞ்சியது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. பூசை நடுவில் சண்டை போட முடியாது, உட்கார்ந்தார்கள்.

சாமியார் குவளையும் தட்டுமாக முதல் ஆள் முன்னால் முழங்காலிட்டார். வரிசையாக வலது கால்கள் வெளியே வந்தன. அப்போதுதான் அருளப்பன் முகத்தைப் பார்த்தேன். ஒரு கால்தானே என்று, எளிதில் வெளுத்த இடது காலை மட்டும் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வலது கால் கணுக்கால் வரை அலுமினியம். இடது காலை நீட்டிப் பார்த்தார். அது இல்லை என்று நான் கையை ஆட்டினேன். சாமியார் நாலாவது ஆளைத் தாண்டிவிட்டார்.

சூசை குனிந்து பார்த்தான். எட்டி, தூண் ஓரத்தில் சூசையப்பர் சுரூபத்தின் முன் எரிந்த விளக்கின் எண்ணெயில் தன் துண்டு நுனியை நனைத்தான். தபசு கால வழக்கப்படி ஊதாத் துணி போட்டு மூடியிருந்ததால் சூசையப்பர் எதையும் பார்த்திருக்க முடியாது. நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, "காலைக் குடுங்க மச்சான்" என்றான். "விடு மாப்ளே, எல்லாரும் பாக்காக." "பாக்கட்டும். விரலை மடக்காதீக." அருளப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் ஞானத்தின் பாட்டு நின்றுபோனது.

சாமியார் வந்து சேர்ந்தபோது சூசை இன்னும் குதிகாலில் இருந்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. குவளையைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு தண்ணீர் ஊற்றினார். எண்ணெயில் அது முத்து முத்தாக ஓடியது. பூசை முடிந்து உடுப்பைக் கழற்றும்போது என்னிடம் சொன்னார்: "இன்னைக்கு நான் கழுவுனது பதினோரு கால்தான் உபதேசியாரே."

அடுத்த தபசு காலம்

பாஸ்கு அன்று காலை மச்சானும் மச்சினனும் ஒரே வரிசையில் நன்மை வாங்கினார்கள். பிலோமினாவின் கல்யாணத்தில் சூசை போட்ட அதிகாரத்தைத் தாங்க முடியாமல் மாப்பிள்ளை வீட்டார்தான் தவித்தார்கள். பந்தியில் நின்றுகொண்டு, "இலையை விட்டு யாராவது எந்திரிச்சீக, பாருங்க" என்று மிரட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் பன்னிரண்டு பேரைப் பிடிக்க நான் எங்கும் அலையவில்லை. தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்றே வாசலில் ஆட்கள் நின்றார்கள். பங்காளியோடு வரப்புத் தகராறில் பேச்சை விட்டிருந்த மிக்கேல் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, என் காதோரம் குனிந்தார்: "என்னையும் அவனையும் பக்கத்துல போடுங்க. நான் கால் தேய்க்காமத்தான் வருவேன்."

செப மந்திரத்தைச் சனங்களின் வாயில் ஏற்றுவதுதான் நம் வேலை, அது எந்தக் கால் வழியாக மனசுக்குப் போகிறது என்பது நம் பொறுப்பில்லை என்பதால்தான் உபதேசியார்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறோம்.