நெரைக்குள் நின்ற வீடு

ஈப்போவுக்கு வந்து இத்தனை காலமாகியும் காலையில் கண் விழித்ததும் என் உடம்பு கடலைக் கிழக்கே தேடுகிறது. தூத்துக்குடியில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். இங்கே கிழக்கில் குன்றுகள். மேற்கே தொலைவில் இருக்கிறது கடல். சூரியன் அதில் போய் விழுகிறது. கட்டடக்கலை படித்தவள் திசையில் தடுமாறுகிறேன் என்றால் ஊரில் சிரிப்பீர்கள். கணவருக்குப் பக்கத்து ஊரான காம்பாரில் ஆசிரியர் வேலை கிடைத்ததால் வந்தவள் நான். ஓர் அலுவலகத்தில் பிறர் வரைந்ததைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு, முதன்முதலாக என் பொறுப்பில் கிடைத்தது ஒரு கடற்கரை வீடு.

கட்டச் சொன்னவர் ஸ்டெல்லா அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தாய் ரெமிஸ் அருகே, அலையாத்திக் காட்டை ஒட்டி நிலம் வாங்கியிருந்தார். "நாங்க வாழ்ந்த கதை அந்த வீட்டுல தெரியணும் தங்கச்சி" என்றார். பழைய படங்களைத் தேடிப் பார்த்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் போலவே ஒரே வரிசையில் அறைகள், தாழ்ந்த கூரை, முன்னால் நீண்ட நடை என்று ஆசை ஆசையாக வரைந்து கொண்டுபோனேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது லயம்லா. பக்கத்து வீட்டுல இருமுனா எங்க பாயில கேக்கும். எங்கம்மா ஒரு நாளும் சத்தமா அழுததில்ல, தெரியுமா? அழுதா லயம் முழுக்கக் கேக்கும். அதையா எனக்குக் கட்டித் தரப் போறீங்க?"

படத்தைச் சுருட்டிக்கொண்டேன். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் மலேயா போய் வந்தவர் வீட்டுக்கு மட்டும்தான் மாடி இருந்தது. மலேயா என்றால் மாடி என்றே வளர்ந்தவள் நான். அங்கே சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று யாரிடமும் கேட்டதில்லை. வேலை கையைவிட்டுப் போயிற்று என்றே நினைத்திருந்தபோது அக்கா கூப்பிட்டார்: "கெளம்புங்க, தோட்டத்துக்குப் போலாம்."

லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஓர் ஓரத்தில் மட்டும் கிழட்டு ரப்பர் மரங்கள் வரிசை குலையாமல் நின்றன. அக்கா அவற்றுக்கு நடுவே நடந்தார். "இதை நெரைன்னு சொல்லுவோம். ஸ்கூல் லீவுல ரப்பர் பால் எடுக்க அம்மாகூட வருவேன். இங்க வந்தாத்தான் அம்மா வாய்விட்டுப் பாடுவாங்க. கேக்க யாரும் இல்லலா." சொல்லிவிட்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். நெரை பிடித்தாற்போல் தூண்கள், அவற்றின் மேலே வீடு, அறைக்கு அறை கனத்த சுவர், கடலைப் பார்த்த கதவுகள்.

தூண் ஊன்றும் நாளில் மலாய் மீனவர் ஒருவர் வந்து, "ஆயர் பாசாங்" என்று இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். கடல் பாசாங்கு செய்கிறது என்கிறாராக்கும் என்று நானும் தலையாட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏத்தத்தைச் சொல்றாரு. தண்ணி இம்புட்டு ஏறுமாம்லா!" எங்கள் ஊர்க் கடல் இவ்வளவு ஏறிப் பார்த்தவளில்லை நான். தூண்களை இன்னும் உயர்த்தினோம்.

பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்த நாளில் பெரிய ஏற்றம் வந்தது. தண்ணீர் தூண்களுக்கிடையே நுழைந்து, ஏறி, தரைப் பலகைக்குச் சற்றுக் கீழே நின்றது. நான் சாமி படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது மெல்ல வடியத் தொடங்கியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அக்கா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தார்.

"ஏதாச்சும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

"தொண்டை கிழியப் பாடுனேன்லா!"

விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "நீங்க எந்த எஸ்டேட்டுமா?" என்று கேட்டார். இங்கே ஊர் கேட்பது அப்படித்தான். தூத்துக்குடி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்: "நம்ம எஸ்டேட்டுதான்லா. அவங்களுக்குக் கறி போடுங்க." அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் அம்மா தொலைபேசியில் வந்தாள்.

"என்னட்டீ, வீட்லயா இருக்க?"

"வீட்லதாம்மா" என்றேன். எந்த வீடு என்று அம்மா கேட்கவில்லை. ஒரு காதில் அவள் குரல். மறு காதில், பலகைக்கடியில் வடிந்துபோகும் தண்ணீர்.