ஓரக்கண்ணில் வந்த முகம்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கிய ஜெயகரன், காத்திருந்த மனைவி ஞானசுந்தரியின் முகத்துக்கு நேரே பார்த்தபடி அவளைக் கடந்து போனார். காலையில் நடந்த வாய்ச்சண்டையின் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள் அவள். கூப்பிடாமல் பின்னாலேயே நடந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்டார்.

"இன்னா சுந்தரி, ஸ்டேஷனாண்ட வரேன்னு சொன்னியே, வரல?"

அவள் அவர் முகத்தருகே போய் நின்று, கண்ணில் என்ன என்று கேட்டாள்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். மண்வாரும் வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் மெஷினிஸ்ட். அளவுகோலின் கோடுகள் தன் பார்வையில் நடுவில் மட்டும் அழிந்துபோவதைப் பல மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் மறைத்து வந்திருந்தார்.

பெங்களூரில் ஒரு கண் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். விழித்திரையின் நடுவே குண்டூசித் தலையளவு ஓர் இடம். அங்கே கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்; எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அவற்றின் வேலை. சுற்றிலும் குச்சி செல்கள்தான் அதிகம். அவற்றுக்கு மங்கிய வெளிச்சமும் அசைவும் தெரியும், நுணுக்கம் தெரியாது. இவருக்கு அந்த நடு இடம் அழிந்துகொண்டிருந்தது. அதை மீட்க வழியில்லை, ஆனால் முழுக்க இருட்டாகாது என்றார். பார்க்க வேண்டியதை நேரே பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்துப் பழகச் சொன்னார்.

திரும்பும் ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டியதும் ஜெயகரன் அவள் பக்கம் திரும்பினார்.

"புடவை தெரியுது, கை தெரியுது. உன் மூஞ்சிதான் தெரியல" என்றார்.

அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாயங்காலங்களில் ஞானசுந்தரி ஜன்னலோரம் உட்காருவாள். அவர் எதிரே உட்கார்ந்து அவள் காதுக்கு அப்பால் சுவரைப் பார்ப்பார். பல நாள் அவள் முகம் பார்வைக்குள் வராது. எரிச்சலில் எழுந்து போய்விடுவார். அவள் மறுநாளும் உட்காருவாள்.

ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "உனக்கு நெத்தியாண்ட நரைச்சிருக்கே. எப்போ வந்துச்சு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அடுத்த வருஷம் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா ஞானசுந்தரியின் காதருகே குனிந்தாள்.

"உன் வூட்டுக்காரரு உன்னாண்ட பேசும்போதுகூட எங்கியோ பாக்கறாரே?"

"என்னத்தான்க்கா பாக்கறாரு" என்றாள் ஞானசுந்தரி. வெளிச்சம் முகத்தில் விழும்படி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.