வாட்சைக் கழற்றாமல் ஒரு எண்ணெய்க் குளியல்

அடுத்த வீட்டில் ஏதாவது விபரீதம் நடந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். கிரைம் செய்தி எழுதுகிற பிழைப்பு அப்படி. தென்காசி, குற்றாலம் பக்கம் பைக்கில் அலைகிற என் சக நிருபர்களுக்கும், காலையில் காப்பியோடு எங்களைப் படித்துத் தொலைக்கிற உங்களுக்கும் சில சங்கதிகள் சொல்கிறேன். எந்த ஸ்டேஷன், எந்தப் பேப்பர் என்று மட்டும் கேட்காதீங்க. நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்கணும்.

ஊர் நன்றாக இருந்தால்

கிரைம் நிருபர் என்றதும் துப்பறிகிறவன் என்று நினைத்துவிடாதீங்க. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் போன் போட்டு, "ஐயா, ஏதும் இருக்கா?" என்று கேட்கிறதுதான் வேலை. பிறகு ஆஸ்பத்திரி வாசல், அதற்கப்புறம் ஸ்டேஷனுக்கு எதிர்த்த டீக்கடை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போலீஸ் குறிப்பு வரும். அதில் நாலு வார்த்தையை மாற்றிப்போட்டு ஆபீசுக்கு அனுப்பினால் அன்றைய பொழுது முடிந்தது.

ஒருநாள் எங்கேயும் ஒன்றுமில்லை. வெட்டு இல்லை, குத்து இல்லை, பைக் திருட்டுகூட இல்லை. டீக்கடையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழக்கமான ஏட்டையா ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஊரு நல்லாருக்குன்னு சொல்லுதேன், ஒமக்கு ஏன்வே மூஞ்சி தொங்குது?"

தண்ணீர் எடுத்துப் போன சங்கிலி

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அருவி தலையில் மொத்துகிற மொத்தில் தோடு, மோதிரம், சங்கிலி எல்லாம் கழன்று போகும். தொலைத்தவர்கள் யாரும் தண்ணீர்மேல் பழி போடுவதில்லை. பக்கத்தில் நின்றவன்மேல்தான் சந்தேகம் வரும்.

அப்படித்தான் போன சீசனில், புளியங்குடியிலிருந்து குளிக்க வந்த ஒரு அம்மாவின் சங்கிலி காணாமல் போனது. அவர் வீட்டுக்காரர் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருப்பவர். யாரோ பறித்துவிட்டதாக அவரே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவோ, "கழன்டு விழுந்திருக்கும்னுதான் தோணுது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதை ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். செய்தி ஆசிரியருக்குப் பொறுமை கிடையாது. "அருவி இழுத்துட்டுப் போனதெல்லாம் நியூஸாய்யா? எவன் பறிச்சான்னு கேளும்!"

முருகையாவின் போட்டோ

முருகையா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வயசு ஐம்பதுக்கு மேல். அவர் கை பட்டால் ஒரு வருச வலி இறங்கிவிடும். ஆனால் கூட்டம் அவரைத் தேடி வந்தது கைக்காக மட்டும் இல்லை. குளிக்க வருகிறவர்கள் வாட்ச், மோதிரம், செல்போன், பர்ஸ் எல்லாவற்றையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கழுத்தில் தொங்குகிற துணிப்பையில் போட்டுவைத்து, ஈரத்தோடு வருகிறவர் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார். அந்த நம்பிக்கைதான் அவருடைய கடை, முதல், எல்லாம்.

அந்தச் சங்கிலி பாறை இடுக்கில் கிடந்து, அவர் கண்ணில்தான் பட்டது. எண்ணெய்க் கையோடு நேரே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் அங்கேதான் இருந்தேன். சங்கிலியை மேசைமேல் வைத்து, அவரைப் பின்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் நிற்க, செல்போனில் படம் எடுத்தேன். முருகையா சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்லா எடுங்க அண்ணாச்சி, வீட்ல காட்டணும்."

சாயங்காலம் வந்த குறிப்பு

சாயங்காலம் குறிப்பு வந்தது. சந்தேகத்தின்பேரில் பிடித்து விசாரித்ததில் முருகையா சங்கிலி பறித்ததை ஒப்புக்கொண்டாராம். ஏட்டையாவுக்குப் போன் போட்டால், பறிப்பு என்று வழக்குப் பதிவாகிவிட்டது, சங்கிலி கிடைத்தால் பறித்தவனும் கிடைத்தாகணும் என்று முனகிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதி அனுப்பினேன். செய்தி ஆசிரியர் அதை வெட்டிப்போட்டுவிட்டுக் குறிப்பையே எடுத்துக்கொண்டார். படம் மட்டும் என்னுடையது. அவர் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது: "எல்லாப் பேப்பர்லயும் கைதுன்னு வருது, நம்ம பேப்பர்ல மட்டும் அவன் உத்தமனா வரணுமோ?"

விட்ட செய்தி

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. சங்கிலிக் கொக்கி முன்பே இளகியிருந்தது, யாரும் பறிக்கவில்லை என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்து எழுதிக் கொடுத்தார். கோர்ட், கச்சேரி என்று அலைந்து ஒருவழியாக வழக்கு முடிந்து முருகையா வெளியே வந்தார். கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவுக்கு விடுதலையையும் போடச் சொல்லி ஆபீசில் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். கடைசியில் உள்பக்கத்தில், படம் இல்லாமல், நாலு வரி வந்தது. இரண்டு நாள் கழித்து சுரண்டை பஸ்ஸில் முருகையாவைப் பார்த்தேன். கோபமே இல்லாமல் கேட்டார்: "புடிச்சத படத்தோட போட்டீங்க, விட்டத மட்டும் எலுமிச்சங்கா விலைக்குக் கீழ போட்டுட்டீங்களே அண்ணாச்சி?"

இந்த சீசன்

இந்த சாரலுக்கு அருவிக்கரை முழுக்க ஒரே தள்ளுமுள்ளு. முருகையா மட்டும் எண்ணெய்ப் பாட்டிலோடு தனியாக நின்றார். கழுத்துப் பையைக் காணோம். வருகிறவனிடம் எவனோ ஒருத்தன் செல்போனைத் தட்டி நான் எடுத்த அந்தப் படத்தைக் காட்டுகிறான், வந்தவன் வேறு ஆளிடம் போய்விடுகிறான். பேப்பரின் வெப்சைட்டிலிருந்து அதை நீக்கச் சொல்லி ஆபீசில் எத்தனையோ தடவை கேட்டாச்சு. பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பத்துப் பேர் பார்க்கட்டும் என்றே வாட்சைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அத நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. தொலைஞ்சாலும் எழுதுவீங்க, கெடச்சாலும் எழுதுவீங்க."

வாட்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு, அந்தக் கையை எண்ணெய் படாமல் கடைசிவரை தூக்கிப் பிடித்தபடியே உடம்பு பிடித்துவிடச் சொல்லி உட்கார்ந்திருந்த ஒரே கிரைம் நிருபர், குற்றாலத்தில் அநேகமாக நான்தான்.