முகம் என் பேச்சைக் கேட்காத நாட்கள்

முதலில் கொசுவம்தான் நிற்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் நேரம். இடது கையில் பிடித்திருந்த சேலை மடிப்புகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. மறுபடி மடித்தேன், மறுபடி நழுவின. உடம்பு கேட்பதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஊக்குகளைக் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

திருச்செங்கோட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வாய் கோணியது. பிள்ளைகள்தான் முதலில் கண்டார்கள். என் கணவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கான தன் உதிரிபாகக் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் மதியம் சாய்ந்துவிட்டது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது).

“கை வராதப்பவே வந்திருந்தா அடைப்பைக் கரைக்கற ஊசி போட்டிருக்கலாம்மா” என்றார் மருத்துவர்.

இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கை திடீரென்று சொன்னபடி கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பொறுமைக்கு அங்கே வேலை இல்லை.

பிசியோதெரபியை (தசைகளுக்கு மறுபடி வேலை பழக்கும் பயிற்சி) நான் ஒருநாளும் தவறவிடவில்லை. கால் திரும்பியது, பிறகு கையும் ஓரளவு திரும்பியது. உடம்பை ஆட்சி செய்யத் தெரிந்தவளுக்கு நோயும் அடங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அழுகை வந்தது.

தொலைக்காட்சியில் வெங்காய விலை சொல்வார்கள், நான் தேம்பித் தேம்பி அழுவேன். மனதில் துக்கம் ஒன்றும் இருக்காது. முகம் மட்டும் தானாகக் கோணிக்கொண்டு அழும்.

“ஏன் புள்ள அழுகற? எங்கியாச்சும் வலிக்குதா?” என்று கணவர் கேட்பார்.

“இல்லீங்க. நிக்க மாட்டேங்குது.”

“மனசத் தேத்திக்கோ மல்லிகா. நீயே இப்படி இருந்தா எப்படி?”

நீயே என்ற சொல் உறுத்தியது. அம்மா இறந்தபோதுகூடப் பந்தல்காரனிடமும் பூக்காரனிடமும் நின்று பேசியவள் நான்தான். நாக்கைக் கடித்துப் பார்த்தேன், பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அடக்க அடக்க அது பீறிட்டது. யாராவது வந்தால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினேன். மருத்துவரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கால் வலியைச் சொன்னேன், அழுகையைச் சொல்லவில்லை.

மல்லசமுத்திரத்தில் இருந்த கணவரின் அண்ணன் ஒரு காலையில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் போல என்னிடம் இருந்தவர். அவர் மனைவி சரசக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தேன். செய்தி கேட்டதும் வயிற்றில் கல் விழுந்தது போல் இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

நாங்கள் போனபோது பெண்கள் சரசக்காவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டேன். “மாமா” என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. சத்தமாக, உடம்பு குலுங்கும் சிரிப்பு. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை. உள்ளே கல் அப்படியே கனத்துக்கொண்டிருந்தது.

ஒப்பாரி நின்றுவிட்டது. சரசக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். யாரோ என் கையைப் பிடித்து இழுத்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். மாமாவை எடுக்கும்போது நான் அங்கே இல்லை. கருமாதிக்கு நான் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று திரும்பும் வழியில் காரில் கணவரிடம் சொன்னேன்.

“நான் சிரிக்கலீங்க.”

“எனக்குத் தெரியும். அத்தன பேருக்கும் எப்படிச் சொல்றது?”

அடுத்த வாரம் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவருக்கு அது புதிதாக இல்லை. சூடோபல்பர் என்று தொடங்கும் ஒரு பெயரைச் சொன்னார் (மூளை அடிபட்டதால், மனநிலைக்குச் சம்பந்தமில்லாமல் அழுகையோ சிரிப்போ கிளம்புவது).

“துக்கம் சரியாத்தான் இருக்கும்மா. அதை முகத்துக்குக் கொண்டுபோற நரம்புதான் அடிபட்டிருக்கு. மாத்திரை தரேன், குறையும்.”

“பயிற்சி பண்ணி அடக்கிக்கலாங்களா, டாக்டர்?”

“மூச்சை மெதுவா விடுங்க, உட்கார்ந்திருந்தா எழுந்து நில்லுங்க, கொஞ்சம் தணியும். முக்கியமா, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.”

மற்ற எந்தப் பயிற்சியையும்விட அது கடினமாக இருந்தது. என் உடம்பு என் வசம் இல்லை என்று இன்னொருவரிடம் சொல்வதைவிட இடது கையால் குடம் தூக்குவது எளிது. வேலைக்குத் திரும்பிய அன்று வகுப்பில் சொன்னேன். “எனக்குத் திடீர்னு அழுகை வரும். பயப்படாதீங்க. நீங்க பாட்டுக்குக் கணக்கைப் போடுங்க.” சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. பிள்ளைகள் தலையாட்டிவிட்டுக் கணக்கைப் போட்டார்கள்.

சில மாதம் கழித்துச் சரசக்காவைப் பார்க்கப் போனேன். “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று கணவர் தடுத்தும் கேட்கவில்லை. சரசக்கா வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை.

“அக்கா, உக்கார்றதுக்கு முன்னால ஒன்னு சொல்லோணும். எனக்கு அழுகையோ சிரிப்போ வந்துரும். என் கையில இல்லீங்க.”

சொல்லும்போதே கண்ணீர் கொட்டத் தொடங்கியது. அவர் உரிப்பதை நிறுத்திப் பார்த்தார்.

“இது நீ அழுகறதா, சீக்கு அழுகறதா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியலீங்க அக்கா” என்றேன்.

“உன் வீட்டுக்காரரு வந்து எல்லாம் சொன்னாரு. புத்திக்குப் புரியுது. ஆனா அந்தச் சிரிப்பு என் காதுல இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்குது மல்லிகா. அதுக்கு நான் என்ன பண்றது?”

முறத்தில் இருந்த கடலையில் பாதியை என் பக்கம் தள்ளினார். இருவரும் உரித்தோம். கிளம்பும்போது, “போய்ட்டு வா” என்றார். இன்றுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் போகிறேன்.

மாத்திரையில் அழுகை குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. முகம் ஒரு நேரத்திலும் மனம் வேறொரு நேரத்திலும் வாழ்கின்றன. முகம் அழுவதை இப்போது நான் தும்மலைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனதின் அழுகை எப்போது வரும் என்பது தெரியாது.

போன மாதம் பள்ளிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் ஒன்றுமில்லாமல், மாமா இல்லை என்பது முழுவதுமாக உறைத்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது, எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் சில்லறை இருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.