யாருக்கும் கையே இல்லியா?

இன்னிக்கு எங்க கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆயுத பூஜைக்கு ஒரு டிவி காமெடியனைக் கூட்டினு வந்தாங்க.

எங்க ஊர்ப் பேச்சை நக்கலடிச்சே டிவியில பேர் வாங்குன ஆளு. அப்புறம் கேம் ஷோ நடத்துனாரு, ஹீரோவா நடிச்சாரு, படம் ஊத்திக்கிச்சு. கடைசியா கவரைப்பேட்டை பிளாட் விளம்பரத்துல கூவிக்கினு இருந்தாரு.

மேடை ஏறுனதும், "இன்னாபா, கைதட்டலே காணோம்? யாருக்கும் கையே இல்லியா?"ன்னு கேட்டாரு.

நாங்க தகடு அடிக்கிற பிரஸ் மெஷின்ல வேலை செய்றவங்க. அந்த மெஷின்ல நாலு விரலைக் குடுத்த ஏழுமலை அண்ணன் முன்வரிசையில உக்காந்திருந்தாரு. கையை மெதுவா துண்டுக்குள்ள வச்சிக்கினாரு.

எங்கள்ல ஒருத்தரும் சிரிக்கல.

விழுந்து விழுந்து சிரிச்சது எங்க சேஃப்டி ஆபீசர் மட்டும்தான்.

இவரை உள்ளயே வச்சிக்கினு, வெளியேர்ந்து எதுக்குய்யா காமெடியன்? நீங்களே சொல்லுங்க.