தறிச் சத்தத்தில் செங்கல் தட்டியது

எங்கள் தறிக்கூடத்துச் சுவருக்காக முசரவாக்கம் பக்கத்துச் சூளையிலிருந்து ஒரு லாரி செங்கல் வந்து நின்றது. கல்லை உடைக்காமல் அதன் பலத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. இரண்டு கல்லை ஒன்றோடொன்று லேசாகத் தட்ட வேண்டும். 'ணங்' என்றால் நன்றாக வெந்த கல். 'பொத்' என்றால் வேகாதது, சுவர் நிற்காது. தட்டினேன். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்ததில் ஒன்றும் கேட்கவில்லை.

"எறக்கட்டுமா, வாணாவா? அடுத்த லோடு காத்துக்கினு இருக்குதுபா," என்றார் டிரைவர்.

வீடு வீடாக ஓடி, கொஞ்ச நேரம் தறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு எல்லோரும் லாரியைச் சூழ்ந்து, ஆளுக்கு இரண்டு கல்லை எடுத்துத் தட்டத் தொடங்கினார்கள். தறிச் சத்தமே தேவலை.

"இன்னாபா, கல்லு வாங்குறியா, கச்சேரி வைக்கிறியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர், தட்டிக்கொண்டே.

டிரைவர் திரும்பிப் போகிறவர் போல எஞ்சினைக் கிளப்பினார். அதற்குள் என் மனைவி லோடின் மேலும் நடுவிலும் அடியிலுமாகச் சில கற்களை உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவில் காதை ஒட்டி வைத்தேன். என் மூச்சிரைப்புதான் கேட்டது.

"எல்லாம் ணங்குன்னுதான் இருக்குது," என்றபடி வெளியே வந்தாள்.

நான் தெருவுக்கு ஓடி, அத்தனை கல்லையும் நானே தட்டிப் பார்த்தவன் மாதிரி, "எறக்குங்கபா" என்றேன்.